அண்டத்தை ஆட்டும் பொருளுக்கு நெய் ஊற்றுவது யார்? திருவண்ணாமலையை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சூப்பர்ஹீரோ படங்களிலும் வீடியோ கேம்களிலும் தவறாமல் ஒரு பொருள் வரும். கல், கனசதுரம், கையுறை, முக்கோணம், அணையப்போகும் நெருப்பு என்று உருவம் மாறும், குணம் மாறாது. கெட்டவன் கைக்குப் போனால் பாதி அண்டம் அழியும். நல்லவன் கைக்குப் போனால் அந்த நல்லவன் அழிவான். திருவண்ணாமலையிலும் அந்த வகையில் சேர்க்கத்தக்க ஒரு பொருள் உண்டு. ஆள் உயரச் செப்புக் கொப்பரை அது. ஆண்டுக்கொரு முறை 2,668 அடி உயர மலையின் உச்சிக்குப் போய்ப் பதினொரு நாள் எரிந்துவிட்டு இறங்கி வருகிறது. இத்தனை காலத்தில் இதனால் அண்டத்துக்குச் சேதம் ஏற்பட்டதாகத் தகவல் இல்லை. ஏன் ஏற்படவில்லை என்பதே இவ்வாய்வின் வினா.

ஆய்வின் தேவை

சங்க இலக்கியத்தில் பூக்கள், பறவைகள், மீன்கள், அணிகலன்கள் என்று ஒன்று விடாமல் ஆராய்ந்து பட்டம் வாங்கிவிட்ட தமிழ் ஆய்வுலகம், மார்வெல் படத்து வில்லன் தனோஸின் கையுறைப் பக்கம் மட்டும் இன்னும் தலைவைத்துப் படுக்கவில்லை. இது பெருங்குறை. 2019-இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழ் பேசியபோது அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார், வசனம் ஏ.ஆர்.முருகதாஸ். அன்றோடு அண்டத்தின் அழிவு உள்ளூர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. உள்ளூர்ப் பிரச்சினைக்கு உள்ளூரில்தான் விடை தேட வேண்டும்.

கருதுகோள்

அண்டசக்திப் பொருளின் ஆபத்து, அதில் பங்குள்ளவர்களின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமையும். அதாவது, ஒருவன் கையில் இருந்தால் பேரழிவு. ஊரே கை வைத்தால் திருவிழா.

முன்னோர் ஆய்வுகள்

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'யே தமிழில் இத்துறைக்கு மூலநூல். பிரிட்டிஷ் படக்கதையிலிருந்து வந்த மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எந்த மகாசக்திக்கும் பின்னால் ஒரு விநியோகம் இருக்கிறது என்ற பேருண்மையை இந்நூல் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. 2012 வாக்கில், மின்வெட்டு உச்சத்தில் இருந்த தமிழ்நாட்டுக்கு மாயாவி வந்திருந்தால், நாளின் பெரும்பகுதி எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டே திரிந்திருப்பார்.

அயல்நாட்டு நூல்களுள் இரண்டைக் குறிப்பிடலாம். நிண்டெண்டோவின் 1991-ஆம் ஆண்டு செல்டா கேமில் ட்ரைஃபோர்ஸ் என்றொரு பொன் முக்கோணம். கேனன் என்பவன் அதைத் தொட, புனித நாடு அவன் மனம்போலவே மாறி இருள் உலகம் ஆகிவிடுகிறது. 2013-இல் வந்த 'தார்: தி டார்க் வேர்ல்ட்' படத்தில் ஈதர் என்ற செந்நிறத் திரவம். மாலெகித் என்ற இருட்டு அரசன் அதைக் கொண்டு ஒன்பது உலகங்களையும் இருளாக்கப் பார்க்கிறான். ஒன்பது உலகங்களும் ஒரே நேர்கோட்டில் வரும் நாளுக்காக அவன் காத்திருக்கிறான். அது ஐயாயிரம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருமாம். திருவண்ணாமலையில் அதற்கு நிகரான கூடுகை மாதந்தோறும் பௌர்ணமிக்கு நடக்கிறது. நேரம் தினசரிக் காலண்டரில் போட்டிருக்கும். சிறப்புப் பேருந்தும் உண்டு.

ஆய்வுக் களம்

களத்தின் தோற்றக்கதையே ஒரு கேமின் வரைபடச் சிக்கல்தான். அடிமுடி காண முடியாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்றார். கீழ் எல்லையைத் தேடித் திருமால் பன்றியாகி மண்ணைக் குடைந்தார்; மேல் எல்லையைத் தேடிப் பிரம்மன் அன்னமாகிப் பறந்தார். திருமால் திரும்பி வந்து, முடியவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். பிரம்மனோ வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்குப் பிடித்து, முடியைக் கண்டதாகக் கணக்குக் காட்டினார். கேம் ஆடுவோர் இதைச் சீட்டிங் என்பார்கள். தண்டனை கடுமையாகவே வந்தது: பிரம்மனுக்குக் கோயில் கிடையாது, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடம் கிடையாது. 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பப்ஜிகூட மறு ஆண்டே வேறு பெயரில் உள்ளே வந்துவிட்டது. தாழம்பூவுக்கு இன்றுவரை அந்த வழி பிறக்கவில்லை.

இக்கதையில் ஆய்வுக்கு வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இருவர் தனித்தனியே போய் அளக்கப் பார்த்தபோது பிடிபடாத பொருள், பிறகு மலையாகக் குளிர்ந்து, யார் வேண்டுமானாலும் நடந்து சுற்றிவரும்படி 14 கிலோமீட்டருக்குள் அடங்கிக்கொண்டது. தனிநபர் உரிமையை இக்களம் தொடக்கத்திலேயே நிராகரித்துவிட்டது.

கண்டறிவு ஒன்று: கற்கள்

தனோஸ் சேர்த்த முடிவிலிக் கற்கள் ஆறு. விண்வெளி, மனம், உண்மை, ஆற்றல், காலம், ஆன்மா. இவற்றுக்காக அவன் கிரகம் கிரகமாக அலைந்தான். ஆன்மாக் கல்லுக்காக வோர்மிரில் வளர்ப்பு மகளையே மலையிலிருந்து தள்ளினான். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் இருப்பவை எட்டு: இந்திர, அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான்ய லிங்கங்கள். திசைக்கு ஒன்று. எட்டையும் ஒரே இரவில், செருப்பில்லாமல், சுண்டல் தின்றுகொண்டே பார்த்துவிடலாம். யாரையும் எங்கிருந்தும் தள்ள வேண்டியதில்லை. கூட்டம் தானாகத் தள்ளிக்கொண்டு போகும்.

வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை, நடத்தும் விதத்தில் இருக்கிறது. தனோஸ் கற்களைப் பெயர்த்துக் கையுறையில் பதிக்கிறான். இங்கே கற்கள் அப்படியே இருக்கின்றன, மனிதர்கள்தான் இடம்பெயர்கிறார்கள். சேகரிப்பு என்ற சொல்லுக்கே இங்கு வேலை இல்லை. எட்டையும் தரிசித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவது கால்வலியை மட்டுமே. அதை வைத்து எந்த அண்டத்தையும் மிரட்ட முடியாது.

களப்பணியின்போது பாதையோரத் தார்ப்பாய் ஒன்றில் ஸ்பைடர்மேன் முகமூடிகளுக்கு நடுவே விளக்கெரியும் பிளாஸ்டிக் கையுறை விற்பனைக்கு இருந்தது. ஒரு சிறுவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஆறு கல்லு இருக்கணும். இதுல அஞ்சுதான் இருக்கு" என்றான். கடைக்காரர் பலூனுக்குக் காற்று அடிப்பதை நிறுத்தாமல், "அஞ்சுக்கே எல்லாம் அழிஞ்சிடும் தம்பி, எடுத்துக்க. அம்மாகிட்ட நூறு ரூபா வாங்கிட்டு வா" என்றார். பேரழிவுக் கருவி ஒன்று இவ்வளவு பொறுப்பாக, தாயின் ஒப்புதலோடு மட்டும் கைமாறுவதை எந்த மார்வெல் படமும் காட்டியதில்லை.

கண்டறிவு இரண்டு: வாயில்கள்

மார்வெல் மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் விரலை வட்டமாகச் சுழற்றினால் தீப்பொறி பறக்க ஒரு வாயில் திறக்கும். அந்தப் பக்கம் ஹாங்காங். கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்தைத் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்து, ஊர்ந்து, நெளிந்து வெளியே வர வேண்டிய குறுகிய துவாரம் அது. இடைக்காட்டுச் சித்தர் அமைத்த யந்திரங்கள் உள்ளே இருப்பதாக ஊர் நம்புகிறது. ஸ்ட்ரேஞ்சின் வாயிலில் நுழைபவர் பெரும்பாலும் தனியாக நுழைகிறார். தடுமாறினாலும் கேட்க நாதி இல்லை. இங்கே இடுப்பளவில் ஒருவர் சிக்கிக்கொண்டால் பின்வரிசை முழுவதும் பொறுப்பேற்கும். "மூச்ச வெளிய விடுங்கண்ணே." "எடது தோள மொதல்ல குடுங்க." "கைய நீட்டுங்க, நான் இந்தப் பக்கம் இழுக்கறேன்." பரிமாணம் கடப்பது கூட்டு முயற்சி என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பயணி அந்தப் பக்கம் வெளிப்படும்போது ஹாங்காங் தெரியாது. சட்டையில் மண்ணும் முகத்தில் நிம்மதியும் தெரியும்.

கண்டறிவு மூன்று: இருள் உலகம்

பொருள் உண்டென்றால் இருள் உலகமும் இருந்தாக வேண்டும். களத்தில் அது அண்ணாமலையார் கோயிலுக்குள்ளேயே, ஆயிரங்கால் மண்டபத்தின் அடியில் இருக்கிறது. பெயரிலேயே பாதாளத்தைக் கொண்ட பாதாள லிங்கம். 1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து வந்து இறங்கிய வெங்கடராமன் என்ற பதினாறு வயதுச் சிறுவன், மேலே கல்லெறிந்த பையன்களிடமிருந்து விலகி இதற்குள் போய் உட்கார்ந்தான். பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின, அவனுக்குத் தெரியவில்லை. சேஷாத்ரி சுவாமிகள் காவல் காத்துப் பார்த்தார். கடைசியில் மற்றவர்கள்தான் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்றது.

கேம் விதிப்படி இருள் உலகத்துக்குள் போனவன் வாளோ கேடயமோ சாவியோ எடுத்துக்கொண்டு வர வேண்டும். இவர் எதையும் எடுத்து வரவில்லை. எடுக்கப் போகவும் இல்லை. இருந்தும் ஆட்டம் அவர் பக்கமே முடிந்தது. 1949-இல் புதுப்பிக்கப்பட்ட அந்த இடத்தைத் திறந்துவைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. இருள் உலகத்துக்குத் திறப்பு விழா நடத்திய நாகரிகம் இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

கண்டறிவு நான்கு: காவல் இல்லாத பொருள்

கருதுகோளுக்கு எதிர்நிலைச் சான்றும் களத்திலேயே கிடைக்கிறது. செல்டாவின் நாயகன் இருள் உலகத்துக்குள் போனதும் முயலாகிவிடுகிறான்; நிலாமுத்து கிடைத்தால் பழைய உருவம் திரும்பும். அருணகிரிநாதர் கிளியான கதை இதைவிடச் சிக்கலானது. மன்னர் பிரபுடதேவராயரின் கண்பார்வைக்காகப் பாரிஜாத மலர் தேவைப்பட, அவர் தம் உடலைக் கோபுரத்தில் விட்டுவிட்டு, இறந்த கிளியின் உடலுக்குள் புகுந்து விண்ணுலகம் போனார். அந்த இடைவேளையில், அவர்மேல் பொறாமை கொண்ட சம்பந்தாண்டான் அந்த உடலை எரிக்கச் செய்துவிட்டான். திரும்பி வந்தவருக்குக் கிளி உருவமே நிலைத்தது. கிளி கோபுரம் அந்தப் பெயரில் இன்றும் நிற்கிறது.

ஆய்வு நோக்கில் பார்த்தால் இது நிர்வாகக் குறைபாடு. விட்டுப்போன உடலுக்கு முறைக்காரர் யாரும் நியமிக்கப்படவில்லை. பகல் ஒருவர், இரவு ஒருவர் என்று ஆள் போட்டிருந்தால் சம்பந்தாண்டானுக்கு வாய்ப்பே இருந்திருக்காது.

கண்டறிவு ஐந்து: நெருப்பும் எரிபொருளும்

2011-இல் வந்த 'டார்க் சோல்ஸ்' என்ற ஜப்பானிய கேம் இவ்வாய்வின் மைய ஆவணம். உலகைத் தாங்கும் முதல் நெருப்பு அணைந்துகொண்டிருக்கிறது. க்வின் என்ற அரசன் முன்பு தன்னையே விறகாக்கி அதை நீட்டித்தான். இப்போது ஆடுபவரின் முறை. இவ்வாய்வாளரின் அக்கா மகன் இதை விளக்கியபோது நடந்த உரையாடல், தரவு என்ற அளவில் அப்படியே தரப்படுகிறது:

"தீ அணையப் போவுது மாமா. யாராவது போய் விறகா விழணும்."

"நெய் ஊத்தக் கூடாதாடா?"

"நெய்யா?"

"திரி மாத்திட்டு நெய் ஊத்தினா எரியப்போவுது. இதுக்கு எதுக்கு ஆள் விழணும்?"

சிறிது நேரம் கன்ட்ரோலரைப் பார்த்துவிட்டு, "அந்த ஆப்ஷன் இல்ல மாமா" என்றான்.

இந்த ஒரு வரியில் மேலைக் கற்பனையின் முழுக் குறையும் அடங்கியிருக்கிறது. அங்கே நெருப்புக்கு எரிபொருள் நாயகன். இங்கே எரிபொருள், எரிபொருளே. கார்த்திகைத் தீபத்துக்கு ஏறுவது 3,500 கிலோ நெய். சில ஆண்டுகளில் அதற்கும் மேல். திரிக்கு ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணி. நெய் ஒரே மகானிடமிருந்து வருவதில்லை. கிலோ, அரைக் கிலோ, கால் கிலோ என்று ரசீது போட்டு வாங்கியவர்களிடமிருந்து வருகிறது. கொப்பரை முதல்நாளே ஆட்களின் தோளில் மலையேறிவிடும். அதிகாலையில் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு, ஆண்டில் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டுமே தரிசனம் தரும் அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டு வெளியே வர, கீழே அகண்ட தீபம் காட்டப்படும். அதே நொடியில் உச்சியில் தீ எழும். அதை ஏற்றும் உரிமை வழிவழியாகப் பருவதராஜ குலத்தாருடையது. எத்தனை பெரிய பதவியில் இருப்பவரும் அந்த நேரத்தில் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியவர்தான்.

ஆக, ஒரு தீக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று கேட்டால் பட்டியல் நீள்கிறது: நெய்க்காரர், திரி முறுக்கியவர், கொப்பரை சுமந்தவர், ஏற்றியவர், கீழே ஆறு மணியைப் பிடித்தவர், அண்ணாந்தவர். இவர்களுள் ஒருவர் கெட்டவராகவே இருந்தாலும் அவரால் ஆகக்கூடிய அதிகபட்சத் தீங்கு, கால் கிலோ நெய் குறைவதுதான்.

கண்டறிவு ஆறு: பாத்திரம்

தனோஸின் வாதம் எளிது: அண்டத்தில் வாய்கள் அதிகம், சோறு குறைவு, எனவே விரலைச் சொடுக்கி வாய்களைப் பாதியாக்கு. இதே சிக்கலுக்கு மணிமேகலைக் காப்பியம் வேறு பொருளை நீட்டுகிறது. மணிபல்லவத்தில் கோமுகிப் பொய்கையிலிருந்து எழுந்த அமுதசுரபி, எடுக்க எடுக்கக் குறையாமல் சோறு தரும். ஆனால் மணிமேகலை கையில் வந்தவுடனே அது வேலை செய்துவிடவில்லை. ஆதிரை என்ற இன்னொரு பெண் முதல் பிச்சை இட வேண்டியிருந்தது. காயசண்டிகையின் யானைத்தீ என்னும் தீராப்பசி அதில் ஒரு பிடியில் தீர்ந்தது. அதற்கு முன் அதை வைத்திருந்த ஆபுத்திரன், பசித்தவர் யாருமே வராத நிலை வந்தபோது, பொருளை வைத்துக்கொண்டு அண்டத்தை ஆளலாம் என்று யோசிக்கவில்லை. பொய்கையிலேயே விட்டுவிட்டு உயிர் துறந்தான். ஆறு கற்களும் ஒரு கையுறையும் இருந்த தனோஸுக்கு, விரலைச் சொடுக்கிச் சோற்றை இரட்டிப்பாக்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் தொன்னையில் பொங்கல் நீட்டுகிறவர்களுக்கு அது தோன்றியிருக்கிறது. அவர்களிடம் ஒரு கல்லும் இல்லை, கரண்டி இருக்கிறது.

கண்டறிவு ஏழு: விலக்கு யாருக்கும் இல்லை

'எண்ட்கேம்' படத்தில் இறந்தவர்களை மீட்கக் காலத்துக்குள் திருடப் போக வேண்டியிருந்தது. திருவண்ணாமலையில் இறந்தவருக்கு வேறு ஏற்பாடு. பதினான்காம் நூற்றாண்டில் இவ்வூரைத் தலைநகராக்கிக்கொண்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை. இறைவனே பிள்ளையாக வந்தார் என்பது தலக்கதை. அதன்படி மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். மன்னனை அவர் உயிர்ப்பிப்பதில்லை. வருடம் தவறாமல் போய் வருகிறார். அண்டத்தை அடக்கியவருக்கே முறை போட்டிருக்கும் ஊரில், முறை தப்ப வேறு யாருக்கு மனம் வரும்?

மறுப்புகளும் விளக்கமும்

ஒரு மறுப்பு எழக்கூடும்: பலர் கையில் இருப்பதால்தானே தகராறு வரும், வல்ல ஒருவரிடம் ஒப்படைத்தால் என்ன? களத்தில் இது சோதிக்கப்பட்டது. 2002-இல் இக்கோயிலைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்துத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுத்தது. ஊர் கொதித்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, கோயில் மீண்டும் அறநிலையத் துறைக்கே வந்தது. தொல்லியல் துறையை மாலெகித்தோடு ஒப்பிடுவது இவ்வாய்வின் நோக்கமன்று. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பொருளை ஒற்றைக் கைக்கு மாற்ற முயன்றவுடன் பொருளுக்கு முன் ஊர் தீப்பற்றிக்கொள்கிறது என்பதே இங்கு பதிவாகிறது. பழைய கையிலும் குறைகள் உண்டு. ஆனால் திட்டுவதற்குப் பழகிய கை அது.

முடிவுரை

கருதுகோள் நிறுவப்பட்டது. மேலைக் கதைகளில் அண்டசக்திப் பொருள் அழிவைத் தருவது அதன் சக்தியால் அல்ல. அதற்குத் தேவஸ்தானம் இல்லாததால். துடைக்க ஆளில்லை, தூக்க ஆளில்லை, ரசீது இல்லை, அடுத்த ஆண்டுக்குத் தேதி இல்லை. எனவே அது ஒருவன் கையில் ஏறிக்கொள்கிறது; ஏறியபின் அவன் சொடுக்காமல் என்ன செய்வான்?

பரிந்துரைகள்

மார்வெல் நிறுவனம் தன் அடுத்த படத்தில் கற்களுக்கு ஒரு பரம்பரை முறைக்காரர் குழுவை நியமிப்பது நல்லது. 'டார்க் சோல்ஸ்' தயாரிப்பாளர்கள் அடுத்த பாகத்தில் 'நெய் ஊற்று' என்றொரு தெரிவைச் சேர்க்கலாம். அக்கா மகன்கள் பலர் பயனடைவர். தனோஸ் போன்றோர் நேரில் வர விரும்பினால் கையுறையைக் கழற்றிச் செருப்போடு விட்டுவிட்டு வரிசையில் நிற்கவும். சிறப்பு வழி கிடையாது.

நெய்க் காணிக்கை செலுத்துவோர் ரசீதைத் தொலைத்துவிட வேண்டாம். பதினொரு நாள் எரிந்தபின் கொப்பரையில் திரளும் மை, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தப்பட்ட பிறகு, அந்த ரசீதைக் காட்டினால் கொடுப்பார்கள்.